சாப்பாட்டு வேளை இன்சுலின்: தட்டைப் பார்த்து ஊசி போடுவது எப்படி

டாக்டர் சீட்டில் "காலை 8, மதியம் 10, இரவு 8" என்று எழுதித் தந்திருப்பார். நம்மில் பலர் அந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொண்டு, தட்டில் இரண்டு இட்லி இருந்தாலும் ஐந்து இருந்தாலும் அதே 8 யூனிட்டைப் போட்டுவிடுகிறோம். அப்புறம் சுகர் ஒரு நாள் 90, மறுநாள் 280 என்று குதிக்கும்போது மருந்து சரியில்லை, டாக்டரை மாற்ற வேண்டும் என்று பேச ஆரம்பிக்கிறோம். அந்த 8 என்பது, நீங்கள் வழக்கமாக இவ்வளவு சாப்பிடுவீர்கள், இந்த நேரத்தில் சாப்பிடுவீர்கள் என்ற கணக்கில் சொன்ன எண். சாப்பாடு மாறினால் கணக்கும் மாறும். அதனால் இரண்டே வழிதான் உண்டு. யூனிட் மாறாது என்றால் சாப்பாட்டின் அளவும் மாறக் கூடாது. சாப்பாடு மாறும் என்றால், எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் நின்றுகொண்டு குத்துமதிப்பாகப் போடுவதுதான் ஆபத்து.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த இன்சுலின் என்று பாருங்கள். வீட்டில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ ஊசி போட்டுவிடுகிற பலருக்கு இது தெரியாது, "சுகர் ஊசி" என்பதோடு சரி. சாப்பாட்டுக்காகப் போடும் இன்சுலினில் மூன்று வகை நம் ஊரில் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒன்று, ரெகுலர் இன்சுலின். ஆக்ட்ராபிட், ஹியூமின்சுலின் ஆர் போன்றவை. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அரசு ஆஸ்பத்திரிகளில் இது பரவலாகக் கிடைக்கும். வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் பிடிக்கும், உச்சத்துக்குப் போக 2 முதல் 4 மணி நேரம், முழுதாக அடங்க 6 முதல் 8 மணி நேரம். அதனால்தான் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு போடச் சொல்கிறார்கள். போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தால் சோறு முந்திக்கொள்ளும், இன்சுலின் பின்னால் வரும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சுகர் ஏறித் தெரியும், அதன் பிறகு பதினோரு மணிவாக்கில் படபடவென்று இறங்கும். காலை ஊசிக்குப் பிறகு முற்பகலில் ஒரு மோர், கொஞ்சம் சுண்டல் என்று சிலருக்குச் சொல்லி வைப்பது இதனால்தான்.

இரண்டு, வேகமாக வேலை செய்யும் வகை. நோவோராபிட், ஹியூமலாக், அபிட்ரா போன்றவை. இதுவும் தெளிவாக இருக்கும். 10, 15 நிமிடத்தில் தொடங்கிவிடும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம், 3 முதல் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பிட 10, 15 நிமிடம் முன்பு போட்டால் போதும்.

மூன்று, கலவை இன்சுலின். 30/70 என்று அட்டையில் போட்டிருக்கும், பால் கலந்தது போலக் கலங்கலாக இருக்கும். வழக்கமான 30/70 என்றால் முப்பது பங்கு ரெகுலர், எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். இதில் நிறையப் பேருக்குப் புரியாத விஷயம், காலையில் போடும் கலவை ஊசி மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது என்பது. மெதுவான பங்கு நண்பகலைத் தாண்டி வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் சாப்பாடு இருந்தே ஆக வேண்டும். பேங்கில் கூட்டம், பேரனைப் பள்ளியில் இருந்து கூட்டிவரத் தாமதம் என்று ஒன்றரை மணிச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். கலவை ஊசி போடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தை மாற்றவே கூடாது என்று நான் கறாராகவே சொல்வேன்.

சரி, இப்போது தட்டுக்கு வருவோம்.

சுகரை உடனே ஏற்றுவது மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். முட்டை, மீன், கோழி, பனீர், கீரை, வெண்டைக்காய், புடலங்காய் இதெல்லாம் ஊசிக் கணக்கில் பெரிதாக வராது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, பருப்பு, பழம், பால் இவைதான் கணக்கு. கீழே சொல்வதெல்லாம் ஏறக்குறைய அளவுகள், வீட்டுக்கு வீடு மாறும். இட்லித் தட்டின் குழி சிறிதென்றால் ஒரு இட்லிக்கு 10 கிராம், பெரிதென்றால் 15 கிராம் மாவுச்சத்து. வீட்டுத் தோசை ஒன்று 20 முதல் 25. சப்பாத்தி ஒன்று 15 முதல் 20. வடித்த சோறு 100 கிராம் எடை இருந்தால் அதில் 28 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சாதாரணக் கப் சோற்றில் 40 முதல் 45. பால் ஒரு டம்ளர், 200 மில்லி, 10 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கப் 20. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட காபி, பாலையும் சேர்த்தால், ஒரு இட்லிக்குச் சமம்.

ஓட்டல் தோசையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு அளவு.

சமையல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மட்டும் நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை எடை போட்டுப் பாருங்கள், "கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்" என்று நினைத்தது எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பிறகு தராசு தேவைப்படாது, அதே கரண்டி, அதே கிண்ணம் என்று வைத்துக்கொண்டால் கண்ணே அளந்துவிடும். சோறு பரிமாறுகிறவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்பது அன்பு. ஆனால் ஊசி போட்ட பிறகு வந்து விழும் அந்த ஒரு கரண்டிக்கு இன்சுலின் கிடையாது என்பதை எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகுக் களி, தினை, ஓட்ஸ் என்று மாறிவிட்டால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கேழ்வரகிலும் கோதுமையிலும் மாவுச்சத்து அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்து கூடுதல் என்பதால் நல்லதுதான், ஆனால் மூன்று உருண்டை களி சாப்பிட்டால் மூன்று உருண்டைக்கும் இன்சுலின் வேண்டும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் ஊசிக் கணக்கில் சர்க்கரைதான். அதில் சலுகை இல்லை.

இப்போது யூனிட். டாக்டர்கள் தொடக்கக் கணக்குக்கு இரண்டு சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் நீங்கள் போடும் எல்லா இன்சுலினையும் கூட்டி, 500ஐ அதால் வகுத்தால், ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது கிடைக்கும். 1800ஐ அதே எண்ணால் வகுத்தால், வேகமான இன்சுலின் ஒரு யூனிட் சுகரை எவ்வளவு இறக்கும் என்பது கிடைக்கும். ரெகுலர் என்றால் 1500. நாளுக்கு மொத்தம் 50 யூனிட் போடுகிறவருக்கு ஒரு யூனிட்டுக்கு 10 கிராம், ஒரு யூனிட் சுகரை 36 இறக்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை 40 என்று வைத்துக்கொள்வோம். இவர் காலையில் ஒன்றுக்கு 12 கிராம் மாவுச்சத்துள்ள இட்லி மூன்று, ஒரு கிண்ணம் சாம்பார் சாப்பிடப் போகிறார். இட்லிக்கு 36, சாம்பாருக்கு ஒரு 12, மொத்தம் 48. சாப்பாட்டுக்கு 5 யூனிட். சாப்பிடும் முன் விரலில் குத்தி மீட்டரில் பார்த்தால் சுகர் 200. இலக்கு 120 என்றால் 80 கூடுதல், அதை இறக்க 2 யூனிட். ஆக 7.

இந்த எண்களை எடுத்து உங்களுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள். டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை) உள்ள ஒல்லியான பிள்ளைக்கு ஒரு யூனிட் 20 கிராமைச் சமாளிக்கலாம், உடல் பருமன் உள்ள டைப் 2 (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) காரருக்கு 5 கிராமுக்கே ஒரு யூனிட் தேவைப்படலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அவர்களுக்குக் கணக்கே வேறு. உங்கள் டாக்டரிடம் போய், "எனக்கு எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட், எத்தனை சுகருக்கு ஒரு யூனிட்" என்று இந்த இரண்டு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள். சீட்டின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். கலவை ஊசி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் அளவை மாற்றாமல் சாப்பாட்டை நிலையாக வைப்பதுதான் சரி.

ஊசிக்கு முன் கட்டாயம் ஒரு முறை குத்திப் பார்க்க வேண்டும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை தெரிந்துதான் சொல்கிறேன். மூன்று வேளையும் முடியாதவர்கள் திங்களன்று காலை, செவ்வாயன்று மதியம், புதனன்று இரவு என்று மாற்றி மாற்றியாவது சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குள் என்பது இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டரே கொஞ்சம் தளர்த்துவார். சாப்பிடும் முன்பே 70க்குக் கீழ் இருந்தால் ஊசியைக் கீழே வையுங்கள். முதலில் லோ சுகரைச் சரிசெய்து, 70ஐத் தாண்டிய பிறகுதான் சாப்பாடும் ஊசியும். அந்த வேளைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 260 என்று காட்டினால் மனம் பதறும், இன்னும் 4 யூனிட் போடலாம் என்று கை போகும். போடாதீர்கள். முதல் ஊசி இன்னும் உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதன் மேல் இன்னொன்று ஏறினால் இரண்டும் சேர்ந்து சுகரைக் கீழே இழுத்துத் தள்ளும். வேகமான இன்சுலின் என்றால் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ரெகுலர் என்றால் இன்னும் கூட. குறிப்பாக இரவு பத்து மணிக்கு மேல் போடும் கூடுதல் ஊசி, நள்ளிரவில் ஆள் தூங்கும்போது சுகரை இறக்கும். தூக்கத்தில் வருகிற லோ யாருக்கும் தெரியாமல் வந்துவிடும், அதுதான் பயம்.

நம் வீடுகளில் ஊசியே இல்லாமல் நடக்கிற ஒரு சாப்பாடு இருக்கிறது, அது நான்கு மணி டிபன். காபி, இரண்டு பஜ்ஜி, இல்லாவிட்டால் நாலு பிஸ்கட். இதை யாரும் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் சுகர் 240 இருக்கிறது என்று மதிய ஊசியைக் கூட்டிவிடுகிறார்கள், பிறகு டிபன் சாப்பிடாத ஒரு நாளில் சாயங்காலம் லோ ஆகிறது. இரவுக்கு முந்தைய சுகர் ஏறியிருந்தால் முதலில் நான்கு மணியைப் பாருங்கள்.

கல்யாண வீடு, ஓட்டல், விரதம்

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. வழியில் டிராபிக், மண்டபத்தில் முதல் பந்தி நிரம்பியிருக்கும், இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க அரை மணி. பென்னை, அதாவது பேனா வடிவ இன்சுலின் ஊசியை, கையில் எடுத்துச் செல்லுங்கள். வேகமான இன்சுலின் என்றால் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்த பிறகு போடலாம், சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ரெகுலர் போடுகிறவர்கள் எந்தப் பந்தி என்பது உறுதியான பிறகு போடுங்கள். இலையில் வந்த எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்றில்லை. பொரியல், கூட்டு, அவியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சுகர் ஏறும் வேகம் குறைகிறது, இது வீட்டுச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். பாயசம் வேண்டுமென்றால் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துவிட்டு அதை வாங்குங்கள், கடைசியில் கூடுதலாகச் சேர்க்காதீர்கள்.

பிரியாணியும் பரோட்டாவும் வேறு ரகம். எண்ணெயும் நெய்யும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் சுகர் நன்றாகவே இருக்கும், "பரவாயில்லையே" என்று தூங்கப் போவோம், ஐந்து மணி நேரம் கழித்து ஏறி நிற்கும். சில சமயம் சாப்பாடு செரிக்கும் முன்பே இன்சுலின் வேகம் பிடித்து, முதலில் லோவும் ஆகும். அடிக்கடி இப்படிச் சாப்பிடுகிறவர்கள் 2 மணி நேரத்திலும் 5 மணி நேரத்திலும் குத்திப் பார்த்து எழுதி, டோஸைப் பிரித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் அந்த வேளைக்கான ஊசி வேண்டாம். ஆனால் நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, டைப் 1 காரர்கள் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கலவை ஊசிக்காரர்களும், ரமலானில் நோன்பு பிடிப்பவர்களும் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசி அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி வந்தாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை, சுகரும் 300க்கு மேல் என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊசியிலேயே நடக்கும் தவறுகள்

நம் நாட்டில் இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும், பென்னில் போடும் கார்ட்ரிட்ஜில், அதாவது சிறு மருந்துக் குப்பியில், 100 இருக்கும். சிரிஞ்சும் இரண்டு விதம், சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. பென் பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாறாக 40 மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் பாதிகூடப் போகாது. மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது மருந்து அட்டையைக் காட்டி வாங்குங்கள்.

வயிற்றில் போடுவதுதான் வேகமாக ஏறும். தொப்புளைச் சுற்றி இரண்டு மூன்று விரல் இடம் விட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி மாதிரி திரளும். அங்கே வலிக்காது என்பதால் பலரும் அங்கேயே போடுவார்கள், மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. காரணமே தெரியாமல் சுகர் ஏறி இறங்கினால் விரலால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். பென் என்றால் முதலில் 2 யூனிட் வெளியே விட்டு மருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு, போட்ட பின் பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காமல் இருங்கள். கலங்கல் மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். பயன்பாட்டில் இருப்பதை வெளியே வைக்கலாம், பெரும்பாலானவை நான்கு வாரம் தாங்கும், ஆனால் நம் மே மாத வெயில் அதற்கு ஆகாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமான மண்பானைக்குள் ஒரு டம்ளரில், தண்ணீர் படாமல் வைத்தால் போதுமான குளிர்ச்சி இருக்கும். பைக் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள்.

ஊசி போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வயதானவர்களுக்கு அடிக்கடி வரும். சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து சுகரைப் பார்த்து முடிவு செய்யலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் போட்டவுடன் ஒரு டிக் அடிக்கும் பழக்கம் இந்தக் குழப்பத்தை அடியோடு ஒழித்துவிடும். மறந்தே போய்விட்டது, சாப்பிட்டு முடித்த உடனே ஞாபகம் வந்தது என்றால் வேகமான இன்சுலினை டாக்டர் சொல்லியிருந்தால் அப்போது போடலாம். நேரம் கடந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

லோ சுகர்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், பேச்சில் குழறல். வீட்டில் அமைதியான மனிதர் காரணமில்லாமல் கத்துகிறார் என்றால் சண்டைக்குப் போகும் முன் மீட்டரை எடுங்கள். 70க்குக் கீழ் என்றால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும்: மூன்று டீஸ்பூன் குவித்த குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில், அல்லது அதே அளவு சர்க்கரை. 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சட்டென்று ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும், இதைப் பலருக்கும் யாரும் சொல்வதே இல்லை. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள்.

குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையில், கைப்பையில், வண்டியில், தலைமாட்டில் என்று நான்கு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மூன்று நாட்களுக்கு மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாப்பாட்டுக்கு முன் சுகர், எத்தனை மணிக்கு எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர், நடந்தீர்களா, லோ வந்ததா. நான்கு மணி டிபனையும் மறைக்காமல் எழுதுங்கள். வெறும் வயிற்று ரிப்போர்ட் ஒன்றை மட்டும் நீட்டினால் எந்த வேளை ஊசியை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தெரியாது. இந்த மூன்று பக்கத்தை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.